லண்டன் நாய் ஓட்டமும் நான் போட்ட ஒரு சொல்லும்

லண்டனில் நான் ஒரு பொய் எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன். அதை நம்பி முதலில் கையெழுத்துப் போட்டவர் ஒரு ஆசிரியை. அதனால் அவர் பெயர் கெட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதைச் சரிசெய்யலாம் என்று மறுபடியும் லண்டனுக்குப் போனேன். இது அந்தப் பயணத்தைப் பற்றியது. அரண்மனையும் மெழுகுப் பொம்மைகளும் வேண்டுகிறவர்களுக்கு வேறு கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

பொய்யை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில், ஓய்வு பெற்ற கையோடு, லண்டன் புறநகரான ஹரோவில் என் மகன் ரகு வீட்டில் ஆறு மாதம் தங்கினேன். சென்னைத் தலைமைச் செயலகத்தில் முப்பது வருடம் மொழிபெயர்த்தவனுக்கு ஹரோவில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தென் லண்டனில் ஒரு கவுன்சில் தமிழ் தெரிந்த ஆளைத் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கவுன்சில் என்றால் அங்கே நம் நகராட்சி மாதிரி. அந்த வட்டாரத்தில் கிரேஹவுண்ட் நாய்கள் ஓடும் மைதானம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் பயணிகளை ஹோட்டல்களிலிருந்து பஸ்ஸில் அழைத்துவந்து நாய் ஓட்டம் காட்டலாம், லண்டன்காரன் மாலைப் பொழுதைக் கழிக்கும் விதத்தை அவர்களும் பார்க்கட்டும் என்று கவுன்சிலின் சுற்றுலாப் பிரிவு திட்டம் போட்டிருந்தது. வட்டாரத்து மக்களிடம் கருத்துக் கேட்க நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அதைத் தமிழாக்குவது என் வேலை.

சுற்றுலா அதிகாரி முதலில் என்னை மைதானத்துக்கே அழைத்துப் போனார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உணவகம். மேஜைக்கு வெள்ளைத் துணி. கீழே ஆறு நாய்கள், ஆறு நிறச் சட்டைகளில். கம்பியில் ஒரு பொம்மை முயல் கிறீச்சென்று போகும், அதன் பின்னால் இவை பாயும். முப்பது விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். முயல் ஒரு பெட்டிக்குள் மறைந்ததும் நாய்கள் கம்பியை மோந்துகொண்டு நிற்கும். அதிகாரி என்னை 'சார்' என்று அழைத்தார். லண்டனில் அதுவரை யாரும் அழைத்ததில்லை.

ஆங்கில நோட்டீசில், 'பப்ளிக் சப்போர்ட்டுடன்' நாய் ஓட்டத்தைச் சுற்றுலாவாக வளர்க்கலாமா என்று கேட்டிருந்தது. எந்த சப்போர்ட் என்று கேட்டேன். கவுன்சில் பணம்தான், வேறென்ன என்றார் அதிகாரி. அடுத்த பத்தியில் அது விளக்கமாகவே இருந்தது. மைதானத்துக்கு அடுத்த கவுன்சில் மண்டபம் இடிக்கப்பட்டு, பயணிகளின் பஸ்கள் நிறுத்த இடமாகும். அந்த மண்டபம் எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அங்கே தமிழ் வகுப்பு நடந்தது. வகுப்பை நடத்திய சிவபாக்கியம் டீச்சர் எனக்கு அங்கே இரண்டு முறை தேநீர் கொடுத்திருக்கிறார்.

பணம் என்று எழுதினால் ஒருவரும் ஆதரித்து எழுத மாட்டார்கள் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். நான் 'பொதுமக்கள் ஆதரவுடன்' என்று போட்டேன். இடிப்பது பற்றிய பத்தியை 'சுற்றுப்புற வசதிகள் மேம்படுத்தப்படும்' என்று ஒரே வரியாகச் சுருக்கினேன். காகிதத்தில் இடம் போதாமல் இல்லை. யாரும் கேள்வி கேட்காதபடி தமிழ் எழுதுவது முப்பது வருடப் பழக்கம்.

டீச்சரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாய் ஓடினால் எங்களுக்கு என்ன நட்டம், கடைக்காரருக்கு நாலு வியாபாரம் நடக்கட்டும் என்று சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார். அவரைப் பார்த்துப் பெற்றோர் எல்லோரும் வைத்தார்கள். நோட்டீசோடு இணைத்திருந்த படிவத்தில் 'ஆம்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுப் பாதிப் பேர் 'ஓம்' என்று எழுதியிருந்தார்கள். அது ஏதாவது மதச் சின்னமா, செல்லாத படிவமாக ஒதுக்கிவிடலாமா என்று அதிகாரி கேட்டார். அவர்கள் ஊர்த் தமிழில் 'ஓம்' என்றால் 'ஆம்', எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது மண்டபம் தப்பியிருக்கும்.

சென்னைக்குத் திரும்பி இரண்டு வருடம் கழித்து ரகு தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்னான், மண்டபம் போய்விட்டது, டீச்சர் நாய்க்காரர்களிடம் ஏதோ வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சனங்கள் பேசுகிறார்கள் என்று. அப்படியா என்றேன். அதன் பிறகு ஏழு வருடம் சும்மா இருந்தேன். இதற்கு ஒரு சமாதானமும் என்னிடம் இல்லை.

இனிப் பயணம்.

விமான நிலையத்தில் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் பேரனைப் பார்க்க என்றேன். ரகுவிடமும் அதையே சொன்னேன். பேரனுக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. காலையில் அந்த வீட்டில் எல்லோரும் நின்றுகொண்டே எதையோ பாலில் ஊறப்போட்டுத் தின்றுவிட்டு ஓடுகிறார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். வைக்கோலுக்கு உலர்ந்த திராட்சை போட்டால் அது பலகாரம் ஆகிவிடாது. மதியத்துக்குக் குளிர்பெட்டியில் சாம்பார் இருந்தது. அதைச் சூடாக்கும் பெட்டியில் எந்தப் பித்தானை அழுத்தினாலும் அது கூவியது. குளிராகவே சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள், அந்த வகுப்புப் பெற்றோர் பலர் இருக்கும் தென் லண்டன் டூட்டிங்குக்குக் கிளம்பினேன். ஹரோவில் ஏறி ஓரிடத்தில் மாறி நார்தர்ன் லைன் பிடித்தால் நேராகப் போய்விடலாம் என்று ரகு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். நார்தர்ன் என்ற பெயரில் ஒரு ரயில் தெற்கே போகும் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? நான் வடக்கே போகும் ரயிலில் ஏறி ஆர்ச்வேயில் விழித்தேன். அங்கே குன்றின் மேல் ஒரு முருகன் கோயில் உண்டு. சரி, வந்தது வந்தோம், முருகனைப் பார்க்கலாம் என்று குடையோடு மலையேறினேன். நடை சாத்தியிருந்தது. மாலை திறப்பார்களாம். பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். எதிர்த்திசை ரயில் சுரங்கத்தில் இருபது நிமிடம் நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நம் ஊரில் இந்நேரம் நாலு பேர் இறங்கித் தண்டவாளத்தில் நடந்திருப்பார்கள், இரண்டு பேர் சீட்டுக்கட்டை எடுத்திருப்பார்கள். இவர்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் செத்துக் கிடந்தார்கள்.

டூட்டிங்கில் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சாம்பார் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பரிமாறியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பக்கத்தில் அரியரத்தினம் என்பவரின் மளிகைக் கடை. அவர் பிள்ளைகளும் அந்த வகுப்பில் படித்தவர்கள் என்று எனக்கு நினைவிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சிவபாக்கியம் டீச்சர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"ரீச்சரோ? அவ இப்ப படிப்பிக்கிறேல்லை. ஆஸ்பத்திரிக் குசினியிலை சமையல் வேலை. மண்டபத்தை நாய்க்குக் குடுத்திட்டு எங்கை வைச்சுப் படிப்பிக்கிறது?"

"அவங்களா குடுத்தாங்க?"

"முதல் கையெழுத்து அவவின்ரை, ஐயா. ரீச்சர் வைச்சிட்டா எண்டுதானே நாங்களும் வைச்சம். சும்மா வைப்பாவே?"

கடையில் நின்ற இரண்டு பெண்கள் தலையசைத்தார்கள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். நான் முறுக்கு என்ன விலை என்று கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்த வயதான மனிதர் என்று அவர் இரண்டு முறுக்கு அதிகம் போட்டு, டீச்சரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். திரும்பும் ரயிலில் அந்த முறுக்கைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் டீச்சர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தைரியம் வராமல் மைதானத்துக்குப் போனேன். பகல் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. மழை. மண்டபம் இருந்த இடத்தில் தார் போட்ட பெரிய வெட்டவெளி. 'பயணிகள் பஸ் மட்டும்' என்று பலகை. பஸ் ஒன்றுகூட இல்லை. தாரின் வெடிப்பில் புல். உள்ளே கண்ணாடி உணவகத்தில் பாதி மேஜைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். திறந்த படிக்கட்டில் முப்பது நாற்பது கிழவர்கள், என் வயதுக்காரர்கள், காதில் பென்சிலோடு நனைந்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்றவரிடம் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லையா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள்தான் போலிருக்கிறது" என்றார். பிறகு சொன்னார், முதல் வருடம் சில பஸ்கள் வந்தனவாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கோழி தின்றார்களாம். பொம்மை என்று தெரியாமல் ஏன் அந்த நாய்கள் தினமும் ஓடுகின்றன என்று ஒரு அம்மா கேட்டாளாம், வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லையாம். மறு வருடம் யாரும் வரவில்லை. கவுன்சில் பணத்தில் போட்ட புதுக் கூரையைக் காட்டினார். அது எங்கள் இருவர் நடுவிலும் ஒழுகிக்கொண்டிருந்தது.

இதற்காகவா என்று எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது. நாய் ஓட்டம் கொடிகட்டிப் பறந்திருந்தால், நாலு பேர் பிழைத்தார்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஒரு வகுப்பை இடித்து, ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்து, புல் வளர்த்திருக்கிறோம்.

நான்காம் நாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முன்பு வாய்க்கு வாய் ஐயா என்பார். இப்போது, "வாங்கோ, இருங்கோ" என்றதோடு சரி. ஷிப்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எந்தச் சொல், எந்தப் பத்தி, தெரிந்தே செய்தது, எல்லாம்.

"ஓம், தெரியும். கவுன்சிலிலை கேக்கப் போன அண்டு இங்கிலீசு நோட்டீசைத் தூக்கிக் காட்டினவங்கள். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தனான். பிழை விட்ட ஆள் எழுதின மாதிரித் தெரியேல்லை. நல்ல தமிழ்."

பெற்றோரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னெண்டு சொல்லுறது? தமிழ் படிப்பிக்கிறவள் தமிழ் நோட்டீசை விளங்காமல் கையெழுத்து வைச்சன் எண்டோ? ஒருத்தர் கேட்டும் போட்டார், ரீச்சருக்குத் தமிழ் தெரியாதோ எண்டு. காசு வாங்கினவள் எண்டு சொன்னால் சொல்லட்டும் எண்டு விட்டிட்டன்."

மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கினேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். வகுப்பு இப்போது ஒரு சர்ச் மண்டபத்தில் நடக்கிறது, வேறு யாரோ நடத்துகிறார்கள், சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அங்கே வந்து சொல்லுங்கள் என்றார். சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதுங்கள் என்று தாளும் பேனாவும் வைத்தார். நான் எழுதினேன். 'பொது நிதி உதவியுடன் என்று மொழிபெயர்த்திருக்க வேண்டிய இடத்தில்' என்ற வரி வந்ததும் அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கி அதை அடித்தார். மேலே 'கவுன்சில் காசில்' என்று எழுதினார்.

"இந்த ரெண்டு சொல்லை அண்டைக்குப் போட்டிருந்தால் காணும். ஒருத்தரும் கையெழுத்து வைச்சிருக்க மாட்டினம்."

ஐந்தாம் நாள் முழுக்க நூலகத்தில் போனது. வாயால் சொன்னால் போதாது, இரண்டு நோட்டீசும் கையில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கவுன்சில் அலுவலகத்தில் கேட்டால் சுற்றுலாப் பிரிவே இப்போது இல்லை என்றார்கள். வட்டார நூலகத்தில் பழைய காகிதங்கள் இருக்கும் என்று அனுப்பினார்கள். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை என்று ஓட்டுநர் இறக்கிவிட்டார். நடந்தேன். ஆங்கில நோட்டீஸ் உடனே கிடைத்தது. தமிழ் என்று எழுதிய பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் குஜராத்தி. குஜராத்திப் பெட்டியில் உருது. நூலக அம்மா என்னை நம்பி எல்லாப் பெட்டிகளையும் என் முன்னால் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்து வங்காளப் பெட்டியில், தலைகீழாக, என் தமிழ் கிடைத்தது. படித்துப் பார்த்தேன். டீச்சர் சொன்னது சரி, ஒரு பிழை இல்லை. இரண்டையும் ஒரே தாளில் அருகருகே வைத்து நகல் எடுத்தேன். அந்தப் பெட்டிகளையெல்லாம் சரியாக மாற்றி அடுக்கிவிட்டு வந்தேன். அதற்கு மட்டும் அந்த அம்மா நன்றி சொன்னார்.

சனிக்கிழமை ரகு காரில் கொண்டுவந்து விட்டான். வழியில் அவனிடமும் சொன்னேன். "இத்தனை வருஷம் எங்கப்பா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டான்.

சர்ச் மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அரியரத்தினம் முன்வரிசையில். டீச்சர் வேலைச் சட்டையோடு வந்து கதவருகே நின்றார். அவரைக் கண்டதும் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எழுதியதை வாசித்தேன். வாசித்து முடித்ததும் அரியரத்தினம் எழுந்தார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு என்ரை கடையிலை நிண்டு நான் சொன்னதெல்லாம் கேட்டனீங்கள். வாய் திறக்கேல்லை. முறுக்கு வாங்கினீங்கள். ரீச்சரின்ரை விலாசம் கேட்டனீங்கள். இப்ப வந்து அவ நல்லவ எண்டு வாசிக்கிறியள். இதை ஆர் எழுதித் தந்தது?"

யாரோ சிரித்தார்கள். என் தாளில் டீச்சரின் கையெழுத்தில் 'கவுன்சில் காசில்' என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, இது டீச்சரின் எழுத்து என்று சொல்லியும் விட்டார். சரிசெய்ய வந்தவன் ஐந்து நாளில் அவரை இரண்டாவது முறையாக மாட்டிவிட்டேன் என்று அப்போது புரிந்தது. கதவுப் பக்கம் பார்க்க முடியவில்லை.

நல்லவேளை நகல்கள் இருந்தன. ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். என்னை நம்ப வேண்டாம், இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் நான் எழுதிய தமிழ், நீங்களே படியுங்கள் என்றேன். அரியரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். இடது பக்கத்தில் விரல் நின்றது. வலது பக்கத்தில் தேடியது. மறுபடி இடது பக்கம் வந்தது.

"இதிலை இடிக்கிறது எண்டு கிடக்கு," என்றார். "இதிலை இல்லை."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. அடுக்களைப் பக்கம் டீச்சர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அரியரத்தினம் அங்கே போய், நான் கதைச்சது பிழைதான் ரீச்சர் என்று தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. டீச்சர் குழாயை மூடினார்.

"இஞ்சை சொன்னால் ஆருக்குக் கேக்கும்? அங்கை சொல்லுங்கோ."

அவர் திரும்பிப் போய், எல்லோரையும் உட்காரச் சொல்லி, சொன்னார். நன்றாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. இரண்டு முறை இருமினார். ஆனால் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். வகுப்பு நடத்துகிறவர்கள் அவரை மறுபடி வரச் சொல்லிக் கேட்டதாக வெளியே பேசிக்கொண்டார்கள்.

நான்கு மாதம் கழித்துச் சென்னைக்கு டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு ஏதும் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பாடம் நடத்துகிறேன், ஆனால் நடத்த விடுகிறார்கள் இல்லை என்று எழுதியிருந்தார். உங்களுடைய நகலைப் பார்த்ததிலிருந்து கவுன்சில் தமிழில் அனுப்பும் எதையும் சனங்கள் நம்புவதில்லை. பிள்ளைக்கு ஊசி போடும் நோட்டீசைக்கூட, இதில் என்ன ஒளித்திருக்கிறது என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பாதி நேரம் அதற்கே போகிறது. இது உங்களால் வந்த வேலை, ஆகவே ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன். இதில் 'சமூக ஆதரவு' என்று இருக்கிறது. பணமா, ஆளா, வெறும் பேச்சா?

கூடவே ஒரு தமிழ் நோட்டீஸ் இருந்தது. வயதானவர்களைப் பற்றியது. என்னைப் போல யாரோ ஒருவர் எழுதிய வழவழப்பான தமிழ். நாலு முறை படித்தேன். என்ன பொருள் என்று ஊகித்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். எனக்குத் தெரியவில்லை, ஆங்கிலத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிப் போட்டேன்.

மூன்று வாரத்தில் ஆங்கிலப் பிரதி வந்து சேர்ந்தது. உறையில் வேறு ஒன்றும் இல்லை.